ஈரம் படாத இடம்

"அந்த மூலை விட்டுப்போச்சு பாரு," என்றார் கணவர். சட்டைப் பையிலிருந்து சாக்பீஸ் துண்டை எடுத்து, மருத்துவமனைச் சுவரில் ஈரம் படாமல் இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பிறகு காலி கேனைத் தூக்கிக்கொண்டு, "தண்ணி பிடிச்சுட்டு வந்துடறேன்" என்று படியிறங்கினார்.

அவள் குழாயின் முனையை வட்டத்துக்குள் வைத்து நீராவியைப் பாய்ச்சினாள். ஐந்து எண்ணினாள். துணியால் துடைத்தாள். அழுக்கோடு சாக்பீஸ் கோடும் போயிற்று. அடுத்த சுவரையும் முடித்துவிட்டு, இயந்திரத்தில் தண்ணீர் தீரப்போகிறது என்று மணி அடித்த பிறகுதான், ஆள் போய் இவ்வளவு நேரமாகிறதே என்று தோன்றியது.

முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். கால்களுக்கு நடுவில் கேன் நிமிர்ந்து நின்றது. விளிம்புவரை தண்ணீர். ஒரு சொட்டுகூடச் சிந்தியிருக்கவில்லை. இதயம் நின்றுபோகிற நேரத்திலும் மனிதர் கேனைப் பத்திரமாக இறக்கி வைத்திருக்கிறாரே என்று அவள் நினைத்தாள். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கத் தோன்றவில்லை. அன்றைக்கும் தோன்றவில்லை, பிறகும் தோன்றவில்லை. உள்ளே ஏதோ ஒரு அறையின் விளக்கை யாரோ அணைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

இருவரும் சேர்ந்து பார்த்த தொழில் அது. மருந்து, அமிலம், வாசனைத் திரவம் எதுவும் இல்லாமல் வெறும் நீராவியால் சுத்தம் செய்வது. மருத்துவர்களின் காத்திருப்புக் கூடங்கள், பேருந்து இருக்கைகள், வாடகைக்கு விடும் அறைகள், வீட்டுச் சமையலறைகள். நீராவி வேலை என்று சொன்னதும் எல்லோரும் "ஆவி ஓட்டறீங்களா?" என்ற ஒரே கேலியைத்தான் சொல்வார்கள்; முதல்முறை சொல்வதுபோல் சொல்வார்கள். கணவர் மட்டும் ஒவ்வொரு முறையும் மரியாதைக்காகச் சிரித்து வைப்பார்.

மகளுக்காக ஆரம்பித்த தொழில். அவளுக்கு ஏழு வயது. பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் சுண்டு. பிறந்ததிலிருந்து இளைப்பு. தரை துடைக்கும் மருந்தின் நெடி பட்டால் போதும், நெஞ்சுக்குள் விசில் ஊதத் தொடங்கிவிடும். அதனால் வீட்டுக்கு ஒரு நீராவி இயந்திரம் வாங்கினார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார், அவருடைய முதலாளி கேட்டார், அப்படியே அது பிழைப்பாகிவிட்டது.

வேலையில் பெரிய வித்தை எதுவும் இல்லை. மெதுவாகப் போக வேண்டும். ஓரிடத்தில் ஐந்து எண்ணும்வரை முனை நிற்க வேண்டும்; அவசரப்பட்டால் சுவர் நனையுமே தவிர, கிருமி சாகாது. நீராவி பட்ட இடத்தில் மெல்லிய ஈரப்படலம் நிற்கும். நிற்காத இடம் விட்டுப்போன இடம். சாக்பீஸால் சுற்றி வளைத்துவிட்டு மறுபடி நீராவி காட்ட வேண்டும். அப்புறம் ஒரு விதி: எப்போதும் கடைசி அறையில் ஆரம்பித்து வாசலில் முடிக்க வேண்டும். உள்ளேயிருந்து வெளியே. "அழுக்குக்கு வாசலைக் காட்டணும்மா, படுக்கையறையைக் காட்டக்கூடாது," என்பார்.

ஒருமுறை ஒரு ரொட்டிக் கம்பெனியின் அலுவலகத்தில் சுவரில் ஒரு திட்டு எவ்வளவு காட்டியும் ஈரமாகவே இல்லை. கால் மணி நேரம் மல்லுக்கட்டினாள். கணவர் வந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்தப் பக்கம் அடுப்பு இருக்குடி. குளிர்ந்த இடத்துலதான் நீராவி தண்ணியா நிக்கும். சூடா இருந்தா ஒட்டாது. அடுப்புக்கே ஆவி காட்டின ஆளு நீதான்."

அவர் போய் மூன்று வாரம் கழித்து அவள் மறுபடி வேலைக்குப் போனாள். அவளுடைய அண்ணன் வேன் ஓட்டிக்கொண்டு கூட வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை வேலை அதே மருத்துவமனையில்.

"வேற ஆளை அனுப்பிக்கலாம் தங்கச்சி. இந்தப் படியில நீ ஏறணுமா?"

"படி என்னண்ணே பண்ணும்?" என்றாள். கேனை அவரிடம் கொடுத்துவிட்டு ஏறினாள். அந்தப் படியைத் தாண்டும்போது ஏதாவது ஆகும் என்று எதிர்பார்த்தாள். முழங்கால் வலித்தது.

காத்திருப்புக் கூடத்தில் மூன்று மூன்றாக இணைத்த எஃகு நாற்காலிகள். வெளியே அடைமழை. எஃகு பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது; நீராவி பட்டவுடன் பால் ஏடுபோல் வெளுத்து, சின்னச் சின்ன முத்தாகத் திரண்டது. வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போனவள் திரும்பிப் பார்த்தபோது, சுவரோரம் கடைசி நாற்காலி மட்டும் பளபளவென்று இருந்தது. உட்காரும் இடத்திலும் முதுகு சாயும் இடத்திலும் ஈரம் இல்லை.

விட்டுப்போயிருக்கிறது. போய்க் காட்டினாள். ஐந்து எண்ணினாள். முனையை எடுத்தாள். சுற்றிலும் முத்து முத்தாகத் தண்ணீர். நடுவில் எஃகு காய்ந்து கிடந்தது. மறுபடி காட்டினாள். அழுத்தத்தைக் கூட்டிவிட்டு மூன்றாம் முறையும் காட்டினாள். பிறகு உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

நீராவியின் சூடு கடிக்கும். இது கடிக்கவில்லை. பேருந்தில் யாரோ எழுந்துபோன இடத்தில் உடனே உட்கார்ந்தால் தொடையில் படுமே, அந்தச் சூடு.

"இங்க யாராவது உக்காந்திருந்தாங்களாம்மா?" என்று வரவேற்பு மேசையில் கோப்பு அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை யாருக்கா வருவா? நோயாளிங்களுக்கே லீவு விட்டாச்சு. நான்தான் பாவம் பண்ணினவ."

நான்காவது முறை முனையைக் கிட்டத்தில் பிடித்து முழு அழுத்தத்தில் பாய்ச்சினாள். ஐந்து எண்ணுவதற்குள் எஃகு சட்டென்று வெளுத்தது. சுற்றியிருந்ததைப் போலவே அதுவும் ஈரமாயிற்று. அவள் துடைத்தாள். கை பழக்கத்தில் துடைத்துக்கொண்டே போயிற்று.

திரும்பும்போது மழையில் வேனின் கண்ணாடிகள் எல்லாம் உள்பக்கம் மூடிப்போயிருந்தன. அண்ணன் துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். "பின்னாடி இடது பக்கக் கண்ணாடியைப் பாரேன், அது மட்டும் எவ்வளவு தெளிவா இருக்கு. மாப்பிள்ளை அதை மாத்தின கடைக்காரன்கிட்டயே மத்ததையும் மாத்தியிருக்கலாம்."

அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. இயந்திரம் மறுபக்கம் இருந்தது.

வீடு ரயில் பெட்டிபோல நீளமானது. முன்கூடம், அதற்கு அடுத்து நடு அறை, பிறகு சமையலறையை ஒட்டிய நடை, கடைசியில் சுண்டுவின் அறை. அப்பா போனதிலிருந்து சுண்டுவின் இளைப்பு மோசமாகியிருந்தது. தூசிதான் எதிரி என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதனால் அவள் வாரம் ஒருமுறை செய்ததைத் தினமும் செய்யத் தொடங்கினாள். இந்தப் பிள்ளை மூச்சுவிட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவளிடம் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதுகூட ஆசையாக இல்லை, ஒரு வேலையாக இருந்தது.

ஆனால் பள்ளி விட்டு வந்ததும் சுண்டு கடைசி அறையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். முன்பெல்லாம் கணவர் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார், அவள் உள்ளேயிருந்து ஆரம்பிப்பாள். இப்போது தூக்க ஆள் இல்லை. அதனால் முன்கூடத்தில் ஆரம்பித்தாள்; சுண்டுவின் அறையை வாரக் கடைசிக்கு விட்டுவைத்தாள். வாசலிலிருந்து உள்ளே. வரிசை மாறினால் என்ன, யார் கேட்கப்போகிறார்கள்?

திங்கட்கிழமை மாலை முன்கூடத்துச் சுவர் முழுவதும் ஈரம் நின்றது, ஒரு திட்டைத் தவிர. கை தானாகச் சாக்பீஸை எடுத்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டே கோடு இழுத்தாள். கோடு மேலே ஏறிற்று, உள்ளே வளைந்தது, மறுபடி வெளியே போய் ஒரு வட்டம் அடித்து, அடுத்த பக்கம் இறங்கியது. இயந்திரத்தை எடுக்கப் பின்னால் நகர்ந்தபோதுதான் முழுதாகப் பார்த்தாள்.

இரண்டு தோள். ஒரு கழுத்து. லேசாகச் சாய்ந்த தலை.

அந்தப் பக்கம் அடுப்பு இல்லை. அந்தப் பக்கம் தெரு, தெருவில் மழை.

கையை வைத்தாள். அதே சூடு. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை. பிறகு திரும்பி, அந்தக் கோட்டுக்குள் தன் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றாள். மூன்று வாரத்தில் முதல்முறையாக உடம்பில் ஓரிடம் கதகதப்பாக இருந்தது. இப்போது அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. "ஏங்க," என்று மட்டும் ஒருமுறை சொன்னாள், சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற குரலில்.

அப்படியே தலையைப் பின்னால் சாய்த்தாள். தலை கோட்டின் கழுத்துக்குத்தான் வந்தது.

கணவர் அவளைவிட இரண்டு விரற்கடை குட்டை. கல்யாணப் புகைப்படத்தில் அவரைச் செங்கல்மேல் நிறுத்தினார்கள் என்று அவளுடைய வீட்டில் இன்றுவரை கேலி உண்டு.

முதுகை எடுத்தாள். இயந்திரத்தை முழு அழுத்தத்தில் வைத்தாள். தோளில் தொடங்கினாள். ஐந்து, மறுபடி ஐந்து, மறுபடி ஐந்து. நீராவியின் சீறலுக்கு அடியில் வேறு ஒரு சத்தம் கேட்டது போலிருந்தது, பற்களுக்கு நடுவில் யாரோ மூச்சை இழுப்பதுபோல. குழாயின் பழைய ரப்பராக இருக்கலாம். சுவர் நனைந்தது. சாக்பீஸ் கோடு வெள்ளைத் தண்ணீராக வழிந்தது. துடைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை நடு அறையின் தரையில் இரண்டு பாதங்கள் ஈரம் படாமல் இருந்தன. குதிகால் அவளைப் பார்த்து, விரல்கள் உள்பக்கம் பார்த்து. அவள் கோடு போடவில்லை. காட்டினாள். போயிற்று.

புதன்கிழமை பள்ளியிலிருந்து வரும் வழியில் சுண்டு மாமாவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நேத்து ராத்திரி நான் மூச்சு பம்பு அடிக்கவே இல்ல தெரியுமா? முந்தாநேத்தும் இல்ல."

"அட, எங்க சுண்டு குத்துச்சண்டைக்கே போகலாம் போலிருக்கே. மூச்சைப் பிடி பாக்கலாம்."

சுண்டு நின்று மூச்சைப் பிடித்தாள். மாமா விளையாட்டாக எண்ணத் தொடங்கினார். முப்பது. நாற்பது. எழுபதில் அவருக்கே குரல் தடுமாறி, "போதும்டி, விட்டுடு," என்றார். சுண்டு சிரித்தாள். முகம் சிவக்கக்கூட இல்லை.

"பாத்தியா தங்கச்சி, உன் வேலைக்குப் பலன்," என்றார் அண்ணன். "மாப்பிள்ளை இருந்து பார்த்திருக்கணும்."

அவள் பிள்ளையின் கையைப் பிடித்தாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்ததுபோல் இருந்தது.

"குளுருதாடா?"

"இல்லம்மா. எனக்குப் பக்கத்துல சூடாத்தான் இருக்கு."

மழையில் நடந்தால் கை குளிரத்தான் செய்யும். பிறகு அந்த நாட்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, இந்த இடத்தில் அவள் எப்போதும் நின்றுபோவாள். அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகாமல் வேறெங்காவது நடந்திருக்கலாம். எங்கேயாவது. ஆனால் விசில் சத்தம் இல்லாத நெஞ்சு பக்கத்தில் நடந்து வந்தது. அதற்காகத்தானே எல்லாம்.

வியாழக்கிழமை நடை. சமையலறைச் சுவர் சுத்தமாக நனைந்தது. அலமாரி நனைந்தது. சுண்டுவின் அறைக் கதவு சாத்தியிருந்தது, வெளிப்பக்கம் பளபளப்பான சாயம் பூசிய கதவு. அதில் நீராவி ஏடாகப் படிந்தது. மூன்று இடங்களில் மட்டும் படியவில்லை. தோள் உயரத்தில் இரண்டு கை, விரல்கள் விரிந்து. அவற்றுக்கு நடுவில், மேலே, ஒரு நெற்றி.

கதவில் முகம் வைத்து உள்ளே கேட்டுக்கொண்டு நிற்பவரின் அடையாளம்.

காட்டினாள். ஐந்து எண்ணுமுன் மறைந்துவிட்டது. இந்த முறை மிக எளிதாக.

உள்ளே சுண்டு எட்டாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் நிறுத்தினாள். கொஞ்ச நேரம் எதையோ கேட்பதுபோல் இருந்தாள். பிறகு தொடர்ந்தாள்.

அன்று படுத்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. பயமாக இல்லை, கூட்டல் கணக்கின் விடைபோல வந்து நின்றது. நாற்காலி. வேன். முன்கூடம். நடு அறை. கதவு. ஒவ்வொரு நாளும் அவள்தான் அதைக் கிளப்பியிருக்கிறாள். சூட்டுக்குப் பயந்து அது ஒவ்வொரு அறையாகப் பின்வாங்கியிருக்கிறது. வாசலில் ஆரம்பித்து, உள்ளே, உள்ளே என்று அவளே ஓட்டிக்கொண்டுபோய், அவள் இன்னும் நீராவி காட்டாத ஒரே இடத்தில் விட்டிருக்கிறாள். இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தருகிற விதியைத் தலைகீழாகச் செய்திருக்கிறாள். எழுந்துபோய்ப் பிள்ளையைத் தன் பக்கத்தில் தூக்கிவந்து போட்டுக்கொண்டாள். கண் விழித்தபோது பிள்ளை பக்கத்தில் இல்லை. தன் அறையில், தன் படுக்கையில் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்திருந்தாள், இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் முறைப்படி செய்தாள். சுண்டுவை அண்ணனோடு வேனில் உட்கார வைத்தாள். வாசல் கதவை அகலத் திறந்தாள். நடுக் கதவுகளைத் திறந்து செங்கல் முட்டுக்கொடுத்தாள். வெளியே போகிறதற்கு வழி வேண்டும். கடைசி அறைக்குள் போய், கடைசி மூலையில் நின்றாள்.

மழை இருட்டு. ஈரத்துணியின் வாசனை, சூடான ரப்பரின் வாசனை, நடுவில் எங்கோ தூங்கி எழுந்த உடம்பின் வாசனை. இயந்திரம் சீறியது. மெதுவாகப் போனாள். மூலை. ஐந்து. ஜன்னல். ஐந்து. எஃகு அலமாரி முழுக்க வெளுத்தது. கண்ணாடி வெளுத்தது. அதில் தெரிந்த அவள் முகம் வெளுத்து மறைந்தது. நாலு சுவரும் நனைந்தன. எங்கும் திட்டு இல்லை. அறை பால்போல் நிறைந்தது. தன் கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மிச்சம் படுக்கை.

"தங்கச்சி," என்று வாசலிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். "சுண்டு அங்க இருக்காளா? பென்சில் டப்பா எடுக்கணும்னு அப்பவே உள்ள வந்தா."

அவள் விசையை விட்டாள். சீறல் நின்றது.

நீராவி மெதுவாகக் கீழே இறங்கியது. படுக்கையின் ரெக்ஸின் உறை தெரிந்தது. சுவரோரம் சுண்டு மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. இவ்வளவு நீராவியிலும் ஒரு இருமல் இல்லை.

"கதவைச் சாத்தும்மா," என்றாள் சுண்டு. "குளுருதாம்."

அவள் கிட்டே போனாள். பிள்ளையின் நெற்றியில் முத்து முத்தாக நீர் திரண்டிருந்தது. கன்னத்தில். உதட்டில். இமை மயிரில். வியர்வை அப்படி இருக்காது. எஃகில் அப்படி இருக்கும். கண்ணாடியில் அப்படி இருக்கும். தன் முழங்கையைப் பார்த்தாள். காய்ந்திருந்தது. சூடான எதன்மேலும் அது நிற்காது.

பிள்ளையின் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை மட்டும் காய்ந்திருந்தது. கை அகலம். அது தோளைச் சுற்றி ஏறியது. கன்னத்தில் முடிந்தது. ஐந்து விரல்.

விசையில் அவள் விரல் இருந்தது. முனை நீட்டிய தூரத்தில் அது. அதற்குள், அதற்கு அடியில், பிள்ளை.

அழுத்த முடியாது.

நெற்றியிலிருந்து ஒரு சொட்டு கிளம்பியது. புருவத்தைத் தாண்டியது. திறந்திருந்த கண்ணின் குறுக்கே மெதுவாக ஓடியது. கண் மூடவில்லை.

"இருக்காளா?" என்றார் அண்ணன்.

"இருக்கா," என்றாள்.

ஐந்து எண்ணினாள். மறுபடி ஐந்து. ரெக்ஸினில் பிள்ளை கிடந்த பாதியில் தண்ணீர் திரண்டு வழிந்துகொண்டிருந்தது. மறு பாதி காய்ந்தே இருந்தது.